75 என்ற கோடு: வாசிகசாலைக் கணினி அறைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வெள்ளவத்தையில் எங்கள் வாசிகசாலையின் கணினி அறையைப் பொறுப்பேற்று நடத்தும் குழுவினருக்கு,

அறைக் கதவில் நீங்கள் ஒட்டிய அறிவித்தலை வாசித்தேன். விமர்சகர்களின் புள்ளிகளைத் திரட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 75 புள்ளிக்குக் குறைவாகப் பெற்ற கேம்கள் எல்லாம் அலமாரியிலிருந்து அகற்றப்படும், அகற்றிய டிஸ்க்குகளை விற்று, அந்தக் காசோடு சந்தாப் பணத்தையும் சேர்த்து ‘உலகத்தரம் வாய்ந்த’ புதிய கேம் ஒன்று வாங்கப்படும் என்று அதில் இருக்கிறது. இந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியாது. கூட்டம் நடந்ததே அறிவித்தலைப் பார்த்த பிறகுதான் எங்களில் பலருக்குத் தெரியவந்தது. அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அலமாரியில் குப்பையே இல்லை என்று வாதாட வரவில்லை. இருக்கிறது. யாரோ வெளிநாடு போகும்போது பெட்டியோடு விட்டுப்போனவை, உறை ஒன்று டிஸ்க் இன்னொன்றாகக் கிடப்பவை, ஒருவரும் தொடாதவை. சனிக்கிழமைகளில் விளையாட வரும் எங்கள் கூட்டத்துக்கும் ஒரு வியாதி உண்டு. ஒரு கேம் விற்காமல் போனது என்றால் உடனே ‘உலகம் கண்டுகொள்ளாத மாணிக்கம்’ என்று தூக்கிப்பிடிப்பது. அப்படித் தூக்கிக்கொண்டு வந்ததில் பாதி வெறும் சுமார். இந்தச் சண்டையில் எத்தனையோ பின்னேரங்கள் போயிருக்கின்றன, சில நட்புகளும் கொஞ்ச நாளைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கின்றன. ஆனால் மாணிக்கம் எது, சுமார் எது என்று பிரிக்க நீங்கள் கையில் எடுத்த எண்ணுக்கு அந்த வேலை தெரியாது. என் முறைப்பாடு அதுதான்.

75 உங்கள் குழு கண்டுபிடித்த எண் அல்ல. கேம்களுக்கு மெட்டாக்ரிட்டிக் பச்சை நிறம் போடத் தொடங்கும் இடம் அது. 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. விமர்சகர்கள் கொடுத்த புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். எந்த ஏட்டுக்கு எவ்வளவு நிறை கொடுக்கிறார்கள் என்பதை வெளியே சொல்வதில்லை. ஒரு ஏடு முதன்முதலில் போட்ட புள்ளிதான் கணக்கில் நிற்கும். பிறகு கேம் திருத்தப்பட்டாலும், அந்த விமர்சகரே மனம் மாறினாலும், எண் அசையாது.

அலமாரியில் இருக்கும் டேஸ் கோனை எடுங்கள். 2019 இல் பிளேஸ்டேசன் 4 க்கு வந்தபோது அதற்குக் கிடைத்தது 71. 2021 இல் அதே கேம் கணினிக்கு வந்தபோது 76. அதே ஓரிகன் காடு, அதே கதாநாயகன் டீக்கன், அதே மோட்டார் சைக்கிள், அதே நோய்த்தொற்றாளர் கூட்டம். உங்கள் விதிப்படி டிஸ்க் வெளியே போகவேண்டும், கணினியில் போட்டால் இருக்கலாம். இதை நீங்கள் யோசித்தீர்களா? வெளியான கிழமையில் அதில் பிழைகள் மலிந்திருந்தன, பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். 71 என்பது அந்த முதல் கிழமையின் எண். நாங்கள் அந்தக் கிழமையில் அதை விளையாடவில்லை, இனி யாரும் விளையாடப்போவதும் இல்லை.

அந்த மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கடி பெற்றோல் தேடி அலையவேண்டியிருப்பது வெளிநாட்டு விமர்சகர்கள் சிலருக்கு எரிச்சல் தந்தது. நாங்கள் அதை எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022 இல் விளையாடினோம். வெளியே கொழும்பு–காலி வீதியில் பெற்றோல் வரிசை. கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அறையைத் திறப்பது. டீக்கன் ஒரு கான் பெற்றோலைக் கண்டெடுத்தால் அறையே கைதட்டும். “அவனுக்குக் கியூ.ஆர். கேக்கமாட்டாங்கள்தானே” என்று, பெற்றோல் பங்கீட்டுக்கு அப்போது காட்டவேண்டியிருந்த குறியீட்டை நினைத்து ஒரு பொடியன் சொன்னது இன்னும் எங்களுக்குள் பகிடியாக ஓடுகிறது. வரிசையில் நின்றதால் கேமின் தரம் கூடிவிட்டது என்று சொல்லமாட்டேன். யார், எங்கே, எந்த நிலைமையில் விளையாடுகிறார்கள் என்பது அந்த 71 க்குள் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சராசரியின் இன்னொரு கூத்தைப் பாருங்கள். 2010 இல் வந்த டெட்லி பிரெமொனிஷனுக்கு விமர்சனத் தளமான ஐ.ஜி.என். கொடுத்தது பத்துக்கு 2. இன்னொரு தளமான டிஸ்ட்ரக்டொயிட் கொடுத்தது பத்துக்கு 10. இப்படி அடிபட்ட புள்ளிகளைக் கூட்டி வகுத்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு எண் வந்து நிற்கிறது. அந்த எண்ணை நம்பி அதை எடுக்கிற ஆள் ‘பரவாயில்லாத’ ஒரு கேமை எதிர்பார்ப்பார். அது என்னவாக இருந்தாலும் பரவாயில்லாதது மட்டும் அல்ல. கிழியக் கிழியத் திட்டலாம், தலையில் வைத்துக் கொண்டாடலாம், நடுவில் நிற்க வழியில்லை. ஃபோல்அவுட்: நியூ வேகாஸ் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 85 எடுத்தால் அதைச் செய்த ஒப்சிடியன் ஸ்டூடியோவுக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். எடுத்தது 84. காசு கிடைக்கவில்லை. 2012 இல் அங்கே இருந்த கிறிஸ் அவலோன் இதை வெளிப்படையாகச் சொன்னார். இன்றைக்கு அந்தத் தொடரிலேயே சிறந்தது அதுதான் என்று சொல்ல எங்கள் அறையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன் அல்ல, எனக்கு அதன் பாலைவனம் அலுத்துவிட்டது. அதற்காக ஒரு புள்ளியை வைத்து ஒரு கூட்டம் ஆட்களின் உழைப்பை வெட்டுவதை நியாயம் என்று சொல்லவும் மாட்டேன்.

கேம்கள் கவனிக்கப்படாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கேமுக்கு வெளியே இருக்கும். டைட்டன்ஃபோல் 2 வெளியானது 2016 ஒக்டோபர் 28. அதற்கு ஒரு கிழமை முன்னால் பட்டில்ஃபீல்ட் 1, ஒரு கிழமை பின்னால் அந்த வருடத்துக் கோல் ஒஃப் டியூட்டி. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், வாங்குகிறவர்களின் காசு மற்ற இரண்டுக்கும் போய்விட்டது. வாம்பயர்: த மாஸ்கரேட் பிளட்லைன்ஸ் 2004 இல் ஹாஃப்-லைஃப் 2 வெளியான அதே நாளில் வந்தது, அதுவும் அரைகுறையாக. சில மாதங்களில் அதைச் செய்த டிரொய்க்கா மூடப்பட்டது. பிழைகளை வருடக்கணக்காக உட்கார்ந்து திருத்தியவர்கள் ரசிகர்கள். ஒகாமி 2006 இல் ஐ.ஜி.என். தளத்தில் வருடத்தின் சிறந்த கேம் என்று பெயர் வாங்கியும் விற்பனையில் விழுந்தது, அதைச் செய்த குளோவர் ஸ்டூடியோவையும் அதன் உரிமையாளரான கப்கொம் கலைத்தது.

சுமார் என்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும். அதை விளையாடித்தான் காணலாம். நீங்கள் அகற்றப்போகிறவற்றில் த ஓடர்: 1886 இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அதை மாணிக்கம் என்று சத்தியம் செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர். நான் இல்லை. விக்டோரியா காலத்து லண்டனை அவ்வளவு அழகாகக் கீறி வைத்துவிட்டு, விளையாட விடாமல் படம் காட்டிக்கொண்டே இருக்கும். ஓநாய் மனிதனோடு ஒரு கத்திச்சண்டை வரும், பரவாயில்லை என்று நினைப்போம். கடைசிச் சண்டையும் அச்சு அசல் அதேதான். ஒரு பின்னேரத்தில் கதை முடிந்து, அதுவும் அந்தரத்தில் நிற்கும். குறைவாக மதிக்கப்பட்டது என்று எந்த வாயால் சொல்வது? அதைத் தூக்குங்கள், நானே கை உயர்த்துகிறேன். 63 எடுத்தது என்பதற்காகத் தூக்காதீர்கள்.

மேட் மாக்ஸ் கொஞ்சம் சிக்கலான வழக்கு. 2015 செப்டெம்பர் 1 இல், மெட்டல் கியர் சொலிட் 5 வெளியான அதே நாளில் கொண்டுவந்து இறக்கினார்கள். வியாபாரத்தில் இதைவிட மடத்தனம் குறைவு. ஆகவே வெளிக் காரணம் உண்டு. உள்ளேயும் உண்டு. முகாம்களைப் பிடிக்கும் வேலை திரும்பத் திரும்ப ஒன்றுதான், முகாம் தலைவர்களும் ஒரே அடியைத்தான் அடிப்பார்கள், ஐந்தாவது ஆளை வீழ்த்தும்போது கொட்டாவி வரும். ஆனால் வாகனத்தில் ஏறிவிட்டால் கதை வேறு. ஈட்டிக்கயிற்றை எறிந்து எதிர்க்காரின் சில்லைப் பிடுங்குவது, ஓடும்போதே சாரதியை இழுத்து வெளியே எறிவது, புழுதிப்புயல் வந்தால் மின்னலுக்குள் இரும்புத்துண்டு பொறுக்குவது. காரில் வந்து சண்டை பிடிக்கும் கேம்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னொன்று தெரியாது. பாதி சுமார், பாதி அபாரம். பிளேஸ்டேசனில் 69, கணினியில் 73. இரண்டுமே உங்கள் கோட்டுக்குக் கீழே.

கொழும்புத் தமிழ்ப் பொடியன்களின் கேம் சரித்திரத்தை யாராவது எழுதினால் முதல் அத்தியாயத்தில் புரொஜெக்ட் ஐ.ஜி.ஐ. இருக்கும். 2000 இல் நோர்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்தது. மேற்கில் கிடைத்தது கலவையான வரவேற்பு. அங்கே சொன்ன குறைகள் உண்மை. 14 மிஷன்கள், எதிலும் நடுவில் சேவ் பண்ண ஏலாது, எதிரிகளுக்கு மூளை மட்டு, ஆளோடு ஆள் விளையாட வழியில்லை. இங்கே அதை எப்படி விளையாடினோம்? ஒரு நெட் கபே, ஒரு கீபோர்ட், சுற்றி நாலைந்து பேர், செத்தால் அடுத்தவன் முறை. சேவ் இல்லாததால்தான் அந்த முறையே ஒழுங்காக ஓடியது. திரும்பவும் தொடக்கத்திலிருந்து ஓடவேண்டும் என்பதால் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் வழியை மனப்பாடம் செய்வான். “இடப்பக்கம் கமரா, முதல்ல அதை நிப்பாட்டு” என்று பின்னால் நின்று கத்துவான். விமர்சகர் தனியாக இருந்து விளையாடினார். நாங்கள் ஐந்து பேராக விளையாடினோம். அவருக்குக் குறையாக இருந்தது எங்களுக்கு விளையாட்டின் விதியாகவே ஆகிவிட்டது.

2006 இலிருந்து 2009 வரை வெளியே போர்க்காலச் சோதனைச் சாவடிகளும் சுற்றிவளைப்புகளும். அடையாள அட்டை இல்லாமல் ஒழுங்கை முனைக்குப் போகவே வீட்டில் விடமாட்டார்கள். பக்கத்து நெட் கபே வரைக்கும்தான் அனுமதி. வேலி வெட்டி இராணுவ முகாமுக்குள் பதுங்கிப் போகும் ஐ.ஜி.ஐ. கதாநாயகன் டேவிட் ஜோன்ஸை அந்த நாட்களில் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது இப்போது யோசித்தால் விசித்திரம்தான். அதைத் தனியாக எழுதவேண்டும்.

ஐ.ஜி.ஐ. நல்ல கேமா என்று கேட்டால் நான் ஒரு எண்ணில் பதில் சொல்லமாட்டேன். சுடுவது சுமார். தூரத்து மலையில் படுத்துத் தொலைநோக்கியால் முகாமை அளந்து, எந்தக் கோபுரம் முதலில், எந்த வேலி பிறகு என்று திட்டம் போடவைத்த விதம் அந்தக் காலத்தில் அபூர்வம். அதே நெட் கபேக்களில் ஓடிய ஃப்ரீடம் ஃபைட்டர்ஸைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன், அது குறைவாக மதிக்கப்பட்டதுதான். ஹிட்மன் கேம்களைச் செய்த ஐ.ஓ. இன்டரக்டிவ் ஸ்டூடியோ 2003 இல் செய்தது. நியூயோர்க் நகரத்துக் குழாய் திருத்துகிறவன் ஒருவன், பெயர் வாங்க வாங்கப் பின்னால் ஆட்கள் சேர்ந்து 12 பேர் வரை வருவார்கள். ஒரு பகுதியில் ஹெலிகொப்டர் தளத்தைத் தகர்த்துவிட்டு வந்தால் பக்கத்துப் பகுதியில் தலைக்கு மேலே தொல்லை குறையும். ஒரு பட்டனில் ஆட்களை ஏவுவது, காக்க வைப்பது, திரும்ப அழைப்பது என்று அவ்வளவு இலகுவாகப் படையை நடத்தவிட்ட கேம்கள் பிறகும் அதிகம் வரவில்லை. அதற்கு ஒரு இரண்டாம் பாகம் வரவேயில்லை.

இனி ஸ்பெக் ஒப்ஸ்: த லைன். 2012 இல் யாகர் ஸ்டூடியோ செய்தது, மணலில் புதைந்த துபாயில் நடப்பது. கணினியில் 76 எடுத்ததால் உங்கள் பட்டியலிலிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறது. சுடும் விதத்தைப் பார்த்தால் சுமார், இதில் யாருக்கும் சண்டை இல்லை. மறைவிடத்தில் குந்துவது, எழும்புவது, சுடுவது. நடுவில் வெள்ளைப் பொஸ்பரஸ் குண்டுகளை வீச வைத்துவிட்டு, பிறகு அந்த இடத்தினூடாக எங்களையே நடக்க வைக்கும். போர் நடந்த வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்து படிக்கும் தம்பி ஒருவன் அந்த இடத்தில் கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான். “அண்ணா, இவங்கள் இதை விளையாட்டுக்குச் செய்யேல்லை” என்றான். அடுத்த கிழமை அவனே வந்து முடித்தான். முடித்த பிறகு அவனும் நானும் கதைத்ததை இங்கே எழுதமாட்டேன். எங்கள் அறையில் ஒரு கேமைப் பற்றி அவ்வளவு நேரம் யாரும் கதைத்ததில்லை என்பதை மட்டும் சொல்லலாம். அந்தக் கேமை 2024 ஜனவரியில் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், உரிமம் முடிந்துவிட்டதாம். இன்னும் இரண்டு புள்ளி குறைந்திருந்தால் நீங்களும் எடுத்திருப்பீர்கள்.

அல்ஃபா புரோட்டோகோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கணினியில் 72. குறியை நேராக வைத்துச் சுட்டாலும் குண்டு வேறெங்கோ போகும், அதை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஒருவரோடு எந்தத் தொனியில் பேசினீர்கள் என்பதை அது ஞாபகம் வைத்திருந்து, பிறகு ஒரு நாள் உங்களிடம் திருப்பிக் கொடுக்கும். பாட்டு உரிமை முடிந்து 2019 இல் கடைகளிலிருந்து போனது, 2024 இல்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது. நடுவில் அந்த வருடங்களில் எங்கள் அலமாரியில் இருந்த டிஸ்க்தான் எங்களுக்கு வழி. விற்றுவிட்டால் போனது போனதுதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நாக் என்ற கேம் பற்றியும் ஒரு வார்த்தை. 54. சுமார் என்பதற்கு அகராதியில் படம் போட்டால் அதைப் போடலாம். ஆனால் ஞாயிறு காலையில் தமிழ்ப் பாடம் முடிந்து வரும் சின்னதுகள் இரண்டு இரண்டு பேராக இருந்து இலகு நிலையில் வைத்து விளையாடுவது அதைத்தான். உடைந்த துண்டுகள் பறந்து வந்து அந்த உருவத்தில் ஒட்டி அது பெரிதாகும்போது அவர்கள் போடும் கூச்சல் பக்கத்து வாசிப்பு அறை வரை கேட்கும் (அதற்கான முறைப்பாடு எனக்கும் வந்திருக்கிறது). அவர்களுக்கு 90 எடுத்த கேமைக் கொடுத்தால் பாதியில் எழும்பிப் போய்விடுவார்கள். சுமாரான கேமுக்கும் ஒரு அறையில் வேலை இருக்கலாம்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு இப்போது 70 டொலர். இன்றைய மாற்று விகிதத்தில் 20,000 ரூபாவைத் தாண்டும். அதுவும் எங்களிடம் இருப்பது பிளேஸ்டேசன் 4, புதியவற்றில் பல அதற்கு வருவதே இல்லை. நீங்கள் விற்க நினைக்கும் கணினி டிஸ்க்குகளில் பல ஒரு கணக்கில் பதிவாகிவிட்டவை, அவற்றை வாங்குகிறவருக்கு வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். பம்பலப்பிட்டிக் கடைகளில் பழைய டிஸ்க்குக்கு என்ன விலை சொல்வார்கள் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். ஆக, கூட்டிக் கழித்தால் நிறையக் கேம்களைக் கொடுத்து ஒன்றை வாங்கப்போகிறோம், அந்த ஒன்றுக்கும் சந்தாப் பணமே பெரும்பங்கு. அதே காசில், தள்ளுபடி நேரம் பார்த்து, எங்கள் பழைய கணினிகளில் ஓடக்கூடிய ஒரு தட்டு நிறையக் கேம்களை வாங்கலாம்.

ஆகவே குழுவிடம் கேட்பவை இவை.

விற்பனையை உடனே நிறுத்துங்கள், ஏற்கெனவே பெட்டியில் கட்டியவற்றை அலமாரிக்குத் திருப்புங்கள். 75 என்ற கோட்டைக் கைவிட்டு, எதை அகற்றுவது என்பதை அறைக்கு வந்து விளையாடுகிறவர்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கும் ஒரு சிறு குழுவிடம் விடுங்கள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேராவது இருக்கவேண்டும், அவர்களில் ஒருவர் தங்கச்சிமாரில் ஒருவராக இருக்கட்டும், அவர்களும் வருகிறார்கள். யாராவது குறைந்தது ஐந்து மணித்தியாலம் விளையாடி, என்ன நன்று, என்ன பிழை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அறிவித்தல் பலகையில் போடாமல் ஒரு டிஸ்க்கும் வெளியே போகக்கூடாது. த ஓடருக்கான அந்தப் பக்கத்தை நானே எழுதித் தருகிறேன், அகற்றச் சொல்லி. கடைகளில் இனிக் கிடைக்காத கேம்களை எந்தக் காரணத்துக்கும் விற்கவேண்டாம். அகற்றுவதென்று முடிவானவற்றை முதலில் அன்பளிப்புச் செய்தவர்களிடம் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள், அவை வாசிகசாலை வாங்கியவை அல்ல.

சிறுவருக்கு ஒவ்வாத கேம்களைப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்குப் புள்ளியால் பயனில்லை, 90 க்கு மேல் எடுத்தவற்றிலும் சிறுவர் பார்க்கக்கூடாதவை நிறைய. உறையில் இருக்கும் வயது எல்லையைப் பார்த்து 18 போட்டவற்றைத் தனி அலமாரியில் பூட்டுங்கள், சாவி பொறுப்பாளரிடம் இருக்கட்டும். புதிய கேம் வாங்கும் யோசனையை வருடாந்தப் பொதுக்கூட்டம் வரை ஒத்திவையுங்கள். அந்தக் கூட்டத்தின் திகதியை இரண்டு கிழமைக்கு முன்னாலாவது அறைக் கதவில் போடுங்கள்.

இவற்றுக்கான பதிலை இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். மறுப்பதானால் எந்தக் கேமை யார் விளையாடிப் பார்த்து மறுத்தார் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கணினி அறை உறுப்பினர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 6